கொலைக் கதை ஆண்களின் சொத்தா?

பெண் எழுதினால் குடும்பக் கதை, ஆண் எழுதினால் கொலைக் கதை. சேத்தூர் டீக்கடையில் கேட்டாலும் சென்னைப் பதிப்பாளரிடம் கேட்டாலும் கிடைப்பது ஏறக்குறைய இந்தப் பதில்தான். போலீஸ், கோர்ட், மார்ச்சுவரி என்று அலைந்தவனுக்குத்தான் துப்பறியும் கதை வரும், வீட்டுக்குள் கிடப்பவளுக்கு எப்படி வரும் என்று காரணமும் சொல்வார்கள்.

அபத்தம்.

வை.மு.கோதைநாயகி அம்மாள் என்ன அலைந்தார்? பெயரில் கோதை இருப்பதால் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்கள் உரிமை கொண்டாடலாம், வாழ்ந்தது திருவல்லிக்கேணியில். 1901இல் பிறந்தவர். ஐந்தரை வயதில் கல்யாணம், பள்ளிக்கூடம் கிடையாது. முதல் படைப்பான ‘இந்திர மோகனா’ நாடகத்தை அவர் சொல்லச் சொல்ல எழுதிக் கொடுத்தவர் தோழி பட்டம்மாள். 1925இல் ‘ஜகன்மோகினி’ பத்திரிகை அவர் கைக்கு வந்தது. பிறகு நூற்றுக்கும் மேற்பட்ட நாவல்கள். அவற்றில் துப்பறியும் கதைகளும் உண்டு. பத்திரிகை சொந்தமானது என்பதால் எந்த ஆசிரியரிடமும் போய் நிற்க வேண்டியிருக்கவில்லை. திறமையைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்த ஒரு விஷயத்தை மட்டும் வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

வாசகர்கள் ஏற்கமாட்டார்கள் என்பது அடுத்த சாக்கு. சுஜாதா என்பது ரங்கராஜனின் மனைவி பெயர். சுபா இரண்டு ஆண்கள். புஷ்பா தங்கதுரை என்பது ஸ்ரீவேணுகோபாலனின் புனைபெயர். பெண் பெயர் போட்ட கொலைக் கதைகளைத் தமிழர்கள் தயங்காமல் வாங்கிப் படித்தார்கள். பெயர் உறுத்தவில்லை; ஆள் மட்டும் பெண்ணாக இருக்கக் கூடாதாக்கும்!

அனுபவம் என்று இன்னமும் பிடிவாதம் பிடித்தால், அகதா கிறிஸ்டி விஷங்களைக் கற்றது முதல் உலகப் போர்க் காலத்தில், மருத்துவமனையின் மருந்து கொடுக்கும் அறையில். அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். விருதுநகர் மாவட்டத்தின் மகளிர் நீதிமன்றம் ஸ்ரீவில்லிபுத்தூரில்தான் இருக்கிறது. குற்றம் வீட்டுக்கு வெளியே நடக்கிற சங்கதி என்று அங்கே வாய்தாவுக்குக் காத்திருக்கும் பெண்களிடம் சொல்லிப் பார்க்கட்டும்.

அம்பையின் எழுத்து வாழ்க்கை தொடங்கியதே துப்பறியும் கதையில்தான். பதின்வயதில் அவர் எழுதிய ‘நந்திமலைச் சாரலிலே’ சிறுவர்களுக்கான துப்பறியும் நாவல், ஆண்டு 1962. மும்பையின் தனியார் துப்பறிவாளர் சுதா குப்தா என்ற பாத்திரத்தை வைத்து அவர் எழுதிய ‘அந்தேரி மேம்பாலத்தில் ஒரு சந்திப்பு’ வந்தது 2014இல். நடுவில் அரை நூற்றாண்டு. பேருந்து நிலையக் கடைகளில் பாக்கெட் நாவல்கள் சரம் சரமாகத் தொங்கிய காலமும் அதுதான். சுதா குப்தாவைப் புத்தகமாகப் போட்டது அந்தச் சந்தையின் பதிப்பகம் எதுவும் அல்ல, இலக்கிய நூல்கள் போடும் காலச்சுவடு.