செய்தி யார் கையில்?

நெல்லிக்குப்பம் கடைத்தெருவில் விடியற்காலையில் வந்திறங்கும் பத்திரிகைக் கட்டை எதிர்பார்த்து ஜனங்கள் டீக்கடையில் கூடியிருந்த காலம் ஒன்றுண்டு. ஒருவர் உரக்க வாசிப்பார்; பத்துப்பேர் கேட்பார்கள்; கேட்டதைப் பற்றித் தர்க்கிப்பார்கள். இன்று அந்தப் பத்துப்பேரிடமும் பத்துக் கைபேசிகள் இருக்கின்றன. கட்டு வந்து சேருமுன்னரே உலகத்துச் செய்தியெல்லாம் அவற்றில் வந்து குவிந்துவிடுகிறது. ஆனால் ஒருவர் கண்ட செய்தியை அடுத்தவர் காண்பதில்லை. இதை வெறும் யந்திர மாறுதலென்று எண்ணுவது பெருந்தவறு. செய்தி செல்லும் வழி யாருக்குச் சொந்தம் என்பதே இப்போது தேசத்தின் முன்னுள்ள கேள்வி.

புதிய சாதனத்தின் நன்மையை நாம் மறுக்கவில்லை. 1908இல் பாரதியார் சென்னையை விட்டுப் புதுச்சேரி சேர்ந்தார். ‘இந்தியா’ பத்திரிகையும் அங்கிருந்து வெளிவந்தது. பிரிட்டிஷ் சர்க்கார் அதைத் தமது எல்லைக்குள் வரவொட்டாமல் தடுத்தனர். 1910இல் பத்திரிகை நின்றுபோயிற்று. புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையிலுள்ள தூரம் சில மைல்களே. அன்று தபாற்பையைப் பிடித்தாற் போதும். பத்திரிகையின் உயிர் போயிற்று. இன்று எந்தச் சாவடியில் எந்தச் சேவகன் ஒரு கட்டுரையை வழிமறிக்க முடியும்?

எனினும் சர்க்காரின் கை குறுகிவிட்டதென்று மகிழ்வதற்கில்லை. 2018 மே மாதம் தூத்துக்குடியில் நடந்த துப்பாக்கிப் பிரயோகத்துக்குப் பின்னர் தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி ஆகிய மூன்று ஜில்லாக்களில் இணையம் நிறுத்தப்பட்டது. அன்று ஒரு பத்திரிகையைத் தடுத்தார்கள். இன்று ஒரே உத்தரவில் எல்லாப் பத்திரிகைகளையும், எல்லா வாய்களையும் தடுக்க முடிகிறது. இவ்விதத் தடையைக் காலவரையறையின்றி நீட்டிக்கலாகாது, உத்தரவைப் பகிரங்கப்படுத்த வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட்டு 2020 ஜனவரியில் தீர்ப்பளித்தது வரவேற்கத்தக்கதே.

இது நிற்க. இதனினும் ஆழமான அபாயம் ஒன்றுண்டு. செய்தியை அனுப்பும் செலவு ஏறக்குறைய ஒன்றுமில்லாமற் போய்விட்டது. செய்தியைச் சேகரிக்கும் செலவு ஒரு காசும் குறையவில்லை. ஆற்றங்கரைக்குச் சென்று உடைப்பைக் கண்டு வரவும், தாலுகா ஆபீஸில் கணக்கைக் கேட்டு எழுதவும், கரும்புக்கு என்ன விலை கிடைத்ததென்று குடியானவரிடம் விசாரிக்கவும் ஓர் ஆள் வேண்டும்; அவருக்குச் சம்பளம் வேண்டும். அச்சம்பளத்தை இதுகாறும் கொடுத்து வந்தது விளம்பர வருமானம். இன்று பண்ணுருட்டி ஜவுளிக்கடைக்காரர் விளம்பரத்துக்கு ஒதுக்கும் பணம் கூகிளுக்கும் பேஸ்புக்குக்கும் போகிறது. வாசகர் எதைத் தேடினார், எதை வாங்கினார் என்பதை அவ்வியாபார ஸ்தாபனங்கள் அறியும். உள்ளூர்ப் பத்திரிகை அறியாது. உழுதவன் ஒருவன், கண்டுமுதல் காண்பவன் மற்றொருவன் என்றாயிற்று.

பிற தேசங்கள் இதை உணர்ந்திருக்கின்றன. செய்திக்குரிய விலையைப் பேசித் தீர்க்க ஆஸ்திரேலியா 2021இல் சட்டம் செய்தது. கானடாவும் 2023இல் சட்டம் செய்யவே, பேஸ்புக்கின் முதலாளிகள் அத்தேசத்தாருக்குச் செய்தி காட்டுவதையே நிறுத்திவிட்டனர். ஒரு தேசத்தின் பார்லிமெண்டை ஒரு கம்பெனி எதிர்த்து நிற்கும் காலம் இது. நம் நாட்டிலும் பத்திரிகை ஸ்தாபனங்களின் முறையீட்டின்மேல் 2022 ஜனவரியில் காம்பெடிஷன் கமிஷன் கூகிள்மீது விசாரணைக்கு உத்தரவிட்டது. உத்தரவுடன் காரியம் முடிந்ததாகாது.

ஒளிபரப்பின் நிலைமையும் இதுவே. பி.பி.ஸி.யின் தமிழோசை 2017 ஏப்ரலுடன் வானொலியில் ஓய்ந்து இணையத்துக்குச் சென்றது. தூர்தர்ஷன் தனது பழைய தரைவழி நிலையங்களிற் பெரும்பாலானவற்றை மூடிவிட்டது. 2024இல் ரிலையன்ஸும் டிஸ்னியும் இந்திய ஒளிபரப்புத் தொழிலில் ஒன்றாயின. கைபேசித் தொடர்பை விற்கும் முதலாளியே அதிற் காணும் நிகழ்ச்சியையும் விற்கிறார்.

இவற்றால் நெல்லிக்குப்பத்தாருக்கு வந்த நஷ்டம் என்னவென்று கேட்கலாம். 2011 டிசம்பர் 30ஆம் தேதி தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தபோது மின்கம்பங்கள் சாய்ந்து ஜில்லா இருளில் மூழ்கியது. மின்சாரமற்ற கைபேசி எத்தனை நேரம் பேசும்? பாட்டரியில் ஓடும் சிறு வானொலிப் பெட்டியின் அருமை அன்று தெரிந்தது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் பெஞ்சல் புயலின் மழையால் சாத்தனூர் அணை நிரம்பி, தென்பெண்ணை பெருக்கெடுத்தது. எச்சரிக்கை தக்க காலத்தில் வந்ததா என்று எதிர்க்கட்சியினருக்கும் சர்க்காருக்கும் வாதம் மூண்டது. வெள்ளம் எங்கே வருகிறதென்பதை நம்பத்தக்க ஒருவர் கண்டு சொல்லாவிடில், ஆயிரம் கைபேசிகள் இருந்தும் பயனில்லை. வதந்தியே வேகமாக ஓடும். அவ்வதந்தி கொலையும் செய்யும். 2018இல் பிள்ளைபிடிப்போர் வந்திருப்பதாக வாட்ஸாப்பில் பரவிய பொய்யை நம்பித் திருவண்ணாமலை ஜில்லாவில் ஒரு மூதாட்டியை அடித்துக் கொன்றார்களே, அதை நாம் மறக்கலாமா?

அப்படியானால் பொய் எது, மெய் எது என்று சர்க்காரே தீர்மானிக்கட்டும் என்பாருமுளர். அது நோயினும் கொடிய மருந்து. தம்மைப் பற்றிய செய்தியின் மெய்யைத் தாமே தீர்மானிக்க மத்திய சர்க்கார் 2023இல் செய்த விதியை 2024 செப்டம்பரில் பம்பாய் ஹைகோர்ட் செல்லாதென்று தள்ளியது நியாயமே.

சர்க்கார் செய்யத்தக்கது வேறு. செய்தியால் லாபமடையும் கம்பெனிகள் அதைச் சேகரிப்போருக்கு நியாயமான பங்கு தரும்படி சட்டம் செய்க. புயற்கரையிலுள்ள வானொலி நிலையங்களைச் சிக்கனத்தின் பேரால் மூடாதிருக்க.

தேச ஊழியர்களின் கடமையோ இதனினும் பெரிது. ராய்ட்டரின் கண்கொண்டு நம் தேசத்தைப் பார்க்கலாகாதென்றே முன்னோர் பிரஸ் டிரஸ்ட் ஆப் இந்தியாவை நிறுவி, 1949இல் செய்தி விநியோகத்தைத் தம் கையில் ஏற்றனர். அவர்கள் பெற்ற உரிமையை இலவசமென்னும் ஆசைக்கு நாம் விற்பதா? உள்ளூர்ப் பத்திரிகைக்குச் சந்தா செலுத்துங்கள். விசாரியாத செய்தியை ஒருவருக்கும் அனுப்பாதீர்கள். செய்திக்கு நாம் விலை கொடாவிடில், நம்மை விலை பேசுவோர் அதைக் கொடுப்பார்கள்.