தாய் நாட்டில் தாய் வீடு

சயாம் என்று நம் பாட்டிமார் கேள்விப்பட்டிருந்த தேசம், 1939-ல் தாய்லாந்து என்று பெயர் மாற்றிக்கொண்டது. பெயர் வைத்தவர்களுக்குத் தமிழ் தெரிந்திருக்க நியாயமில்லை. ஆனாலும் பொருத்தமென்றால் அப்படியொரு பொருத்தம்! எப்படி என்று கேட்கிறீர்களா? சொல்கிறேன்.

பாங்காக்கின் பொற்கோபுரங்களையும் கடைவீதிகளையும் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்களே அதிகம். நானோ ரயிலேறி, வடகிழக்கே சுமார் 450 கிலோமீட்டர் தள்ளியுள்ள கோன் கேன் மாகாணத்துக்குப் போனேன். பட்டு நெசவுக்குப் பேர்போன சொன்னபோட் வட்டாரம் அங்கேதான் இருக்கிறது. இந்தச் 'சொன்னபோட்' வேறொன்றுமில்லை, நம்முடைய 'ஜனபதம்'தான்! அந்நாட்டு மொழியில் கிராமப்புறத்துக்கே அதுதான் சொல்.

உயரமான கால்கள்மேல் நிற்கும் மரவீடுகள். கீழே நிழலில் தறியும் கோழிகளும். நூலை முடிச்சிட்டுச் சாயம் தோய்த்து நெய்கிற 'மட்மீ' பட்டு அங்கேதான் உருவாகிறது. படியடியில் செருப்பை விட்டுவிட வேண்டும். யாரை நோக்கியும் காலை நீட்டக் கூடாது. வணக்கத்துக்கு 'வாய்' என்று பெயர். ஆனால் வாயைத் திறக்க வேண்டியதில்லை, கையைக் கூப்பினால் போதும். மூங்கில் கூடையிலிருந்து பசையரிசிச் சோற்றைக் கையால் எடுத்து, உருட்டி, காரச் சட்னியில் தோய்த்து உண்கிறார்கள். ஸ்பூனுக்கு வேலையில்லை.

நான் போன வீட்டுக்கு உடையவள் ஒரு பாட்டி. அம்மாவைப் பெற்ற பாட்டியை அங்கே 'யாய்' என்கிறார்கள். நம் சங்க நூல்களிலும் தாய்க்கு அதே சொல் அல்லவா?

"உங்கள் புக்ககம் எந்த ஊர், யாய்?" என்று கேட்டேன். உடன் வந்த பெண் மொழிபெயர்த்தாள். பாட்டிக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"நான் எதற்குப் போக வேண்டும்? அவரல்லவா இங்கே வந்தார்!"

வடக்கு, வடகிழக்குக் கிராமங்களில் இதுதான் பழைய வழக்கம். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருகிறார். பெற்றோர் வாழ்ந்த வீடு கடைசிப் பெண்ணுக்கு. பணம் கொடுப்பதும் மாப்பிள்ளைதான், பெண்ணைப் பெற்றவர்களுக்கு. கல்யாணத்தன்று பெண் வீட்டார் தங்கச் சங்கிலியைக் குறுக்கே பிடித்து, கவரில் பணம் வாங்கிக்கொண்ட பிறகே அவரை உள்ளே விடுகிறார்கள். பெண்ணுக்கு நகை சேர்த்தே தேய்ந்துபோன நம் தகப்பனார்கள் பெருமூச்சு விடலாம்.

ஆனால் அவசரப்பட்டுப் பொறாமைப்பட வேண்டாம். வீட்டோடு பெற்றோரைக் காப்பாற்றும் கடமையும் அவள் தலையில்தான் விழுகிறது. ஆண்பிள்ளை சில காலம் துறவு பூண்டு பெற்ற கடனைத் தீர்த்துவிடலாம். பெண்ணுக்கு அந்த வழியில்லை. பிக்குகள் பெண்களுக்குத் துறவு அளிக்கக் கூடாதென்று 1928-ல் பிறந்த உத்தரவு குறுக்கே நிற்கிறது. அவள் உழைத்துத்தான் தீர்க்க வேண்டும். மழையை நம்பிய வயல் எத்தனை பேருக்குச் சோறு போடும்? இளம் பெண்கள் பாங்காக்குக்குப் போகிறார்கள். தொழிற்சாலைகளிலும் கடைகளிலும் உழைத்துப் பணம் அனுப்புகிறார்கள். குழந்தைகள் யாயிடம் வளர்கின்றன.

இந்தப் பாட்டியின் மடியிலும் ஒரு பேத்தி இருந்தாள். தறியிலிருந்த பட்டுக்கு விலை கேட்டேன்.

"இது விற்பதற்கில்லை. என் மகளுக்கு. சொங்கிரானுக்கு வருவாள்."

சொங்கிரான் அவர்களுடைய புத்தாண்டு. நம் சித்திரைப் பிறப்பை ஒட்டி ஏப்ரல் 13-ல் வருகிறது. பிள்ளைகள் பெரியவர்களின் கைகளில் வாசனை நீர் வார்த்து ஆசி பெறும் நாள்.

சொந்த வீட்டுக்கு விருந்தாளியைப்போல் வந்துபோகும் அந்தப் பெண்ணை நினைத்தால் மனம் கனக்கத்தான் செய்கிறது. இருந்தாலும், சகோதரிகளே, ஒன்று உண்டு. வேலை போனாலும், கணவனோடு ஒத்துப்போகாவிட்டாலும், அவள் தயங்காமல் ஏறி வர ஒரு படி இருக்கிறது. "கட்டிக் கொடுத்தாயிற்று, இனி அதுதான் உன் வீடு" என்று அந்த யாய் ஒருநாளும் சொல்லமாட்டாள்.