மூழ்கின கப்பல் ஆருக்குச் சொந்தம்?

மூழ்கின கப்பலைச் சுழியோடிப் பார்ப்பது வெளிநாட்டுக்காரரின் பொழுதுபோக்கு என்றுதான் எங்களில் கனபேர் நினைக்கிறோம். ஆனால் மூழ்கின கப்பலுக்குச் சட்டம் எழுதின கல்லே வேலணைக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. நயினாதீவு நாகபூசணி அம்மன் கோவிலில் உள்ள, முதலாம் பராக்கிரமபாகு 12ஆம் நூற்றாண்டில் தமிழில் வெட்டுவித்த கல்வெட்டு அது. ஊராத்துறைக்கு, அதாவது இன்றைய ஊர்காவற்றுறைக்கு, யானையும் குதிரையும் கொண்டுவரும் கப்பல் உடைந்தால் கால் பங்கு அரசுக்கு, முக்கால் பங்கு உடையவனுக்கு. வணிகச் சரக்கென்றால் பாதிக்குப் பாதி.

அந்தச் சட்டத்துக்குக் கப்பல் என்றால் சரக்கு. இண்டைக்கு அந்தப் பார்வை மட்டும் போதாது.

ஏஇ2 என்ற அவுஸ்திரேலிய நீர்மூழ்கிக் கப்பலைப் பாருங்கள். 1915 ஏப்ரல் 30இல் துருக்கியின் மர்மரா கடலில் அடிவாங்கினபோது, மாலுமிகள் அதைத் தாங்களே மூழ்கடித்துவிட்டு உயிரோடு சரணடைந்தார்கள். 1998இல் 73 மீற்றர் ஆழத்தில் அதைக் கண்டுபிடித்தவர் ஒரு துருக்கியர். மேலே தூக்கவில்லை. 2014இல் இரு நாட்டவரும் சேர்ந்து, கப்பலுக்குப் பதிலாகத் தாங்கள் அரிந்துபோகிற உலோகக் கட்டிகளை அதோடு பொருத்தினார்கள். அன்றைக்கு எதிரிகள், இன்றைக்கு ஒரே கப்பலுக்குக் காவல்.

மட்டக்களப்புக் கடலில் ஹேர்மிஸ் கிடக்கிறது. 1942 ஏப்ரல் 9இல் யப்பானிய விமானங்கள் மூழ்கடித்த பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல். 307 பேர் செத்தார்கள். கிடக்கிற ஆழம் 50 மீற்றருக்கும் மேல். பொழுதுபோக்குச் சுழியோடிகளுக்கு எல்லை 40 மீற்றர்தான். விசேட பயிற்சியோடு அங்கே இறங்குகிறவர்களும் ஒன்றை மறக்கக்கூடாது: அது ஒரு சவக்காலை. சவக்காலையில் இருந்து ஆரும் ஞாபகப்பொருள் எடுத்துக்கொண்டு வாறதில்லைத்தானே?

இதில் எங்கட பங்கு என்ன? தீவுப்பகுதியில் சங்குக்கும் கடலட்டைக்கும் இறங்குகிற பெடியளுக்குக் கடலடி பழகின இடம். அங்கே ஒரு பழைய நங்கூரமோ மரப்பலகையோ கிடந்தால் முதலில் காணப்போவது அவர்கள்தான். அதை அளந்து, படமெடுத்து, கிடந்த இடத்திலேயே விட்டுவிட்டு அறிவித்தால் அது வரலாறு. இழுத்துக்கொண்டு வந்து விற்றால் வெறும் பழைய இரும்பு.

ஆனால் அறிவிக்கிறவனுக்கு விசாரணையும் அலைச்சலும்தான் மிச்சம் என்றால் ஆர் வாய் திறப்பான்? யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் தொல்லியல் படிக்கிற பிள்ளைகளும் இந்தச் சுழியோடிகளும் ஒன்றாகப் பயிற்சி பெறவேண்டும். கண்டுபிடித்தவனுக்குக் கூலியும் வேணும், அறிக்கையில் அவன் பெயரும் வேணும். பங்கு சொல்லாமல் கடலில் நீதி இல்லை என்று அந்தக் கல்லுக்கே விளங்கியிருக்கிறது. எங்களுக்கு விளங்க இன்னும் எவ்வளவு காலம்?