பாட்டுக்கு என்ன கூலி?

சகோதரிகளே, லிந்துலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் கடந்த மாதம் கூடியிருந்தோம். போரில் கணவரை இழந்து, வன்னியிலிருந்து தாய்வீடு திரும்பிய ஒருவர், "தைச்ச கூலியைக் கேக்கவே கூச்சமா இருக்கு மிஸ்" என்றார். அவருக்குக் கே.பி. சுந்தராம்பாளைப் பற்றிச் சொன்னேன்.

1908இல் கொடுமுடியில் பிறந்தவர். தகப்பன் இல்லாத வறுமையில் சிறுமியாக ரயிலில் பாடிக் காசு சேர்த்தார். பின் வேலு நாயர் நாடகக் குழுவில் பிள்ளை வேடம். இலங்கைக்கும் வந்து நடித்தார். இங்கேதான் எஸ்.ஜி. கிட்டப்பாவோடு பழக்கம், அவரும் சிறு வயதிலிருந்தே மேடையில் பாடியவர். (ஏற்கெனவே மணமானவர் என்பதையும் மறைக்க வேண்டாம்.) 1933இல் கிட்டப்பா இறந்தபோது சுந்தராம்பாளுக்கு 25 வயது. வெள்ளைச் சேலை உடுத்தி, மேடையை விட்டு ஒதுங்கினார்.

'பக்த நந்தனார்' படத்துக்கு அழைத்தார்கள். ஆண் நடிகரோடு சோடியாக நடிக்க மாட்டேன் என்றார். நந்தனாராகத் தாமே ஆண் வேடமிட்டார். சம்பளம் ஒரு லட்சம் ரூபாய். அவ்வளவு கேட்டால் விட்டுவிடுவார்கள் என்று நினைத்துத்தான் கேட்டாராம். கொடுத்துவிட்டார்கள்! 1935இல் வந்த படத்தைக் கல்கி கடுமையாக விமர்சித்தார். அதற்காக யாரும் சம்பளத்தில் கை வைக்கவில்லை. நமக்கோ கொழுந்து நிறை குறைந்தாலே அரைப் பேர்தான்.

1951இல் சென்னைச் சட்ட மேலவை உறுப்பினரானார். 1953இல் 'ஔவையார்'. 1970இல் பத்மஸ்ரீ. எங்கும் அதே வெள்ளைச் சேலைதான்.

"ஒரு லட்சமா!" என்று அந்தச் சகோதரி சிரித்தார். பிறகு, ஒரு சட்டை தைக்க நூலுக்கு எவ்வளவு, நேரத்துக்கு எவ்வளவு என்று பின்னேரம் வரை கணக்குப் போட்டுக்கொண்டிருந்தோம்.