முதலில் பேச வேண்டியவரின் கை

போக்கர் ஆட்டத்தில் மோசமான சீட்டு வந்தவர் அதிகம் இழப்பதில்லை, தொடக்கத்திலேயே விலகிவிடுகிறார். மிக உயர்ந்த சீட்டு வந்தவருக்கும் பெரிய கவலை இல்லை. பணம் கரைவது இவ்விரண்டுக்கும் இடையில்தான். இப்போது முன்னணியில் இருந்தும் அடுத்த சீட்டு விழுந்ததும் பின்தங்கிவிடக்கூடிய ஒரு கை. அதை வைத்துக்கொண்டு எதிராளிக்கு முன்பாகவே தன் முடிவைச் சொல்லியாக வேண்டிய இருக்கை. அனுபவசாலிகளும் தடுமாறும் இடம் இது.

இன்று பரவலாக ஆடப்படும் டெக்சாஸ் ஹோல்டெம் முறையில் ஒவ்வொருவருக்கும் இரண்டு சீட்டுகள் மறைவாகத் தரப்படுகின்றன. மேசையில் முதலில் மூன்று, பின்னர் ஒன்று, இறுதியாக ஒன்று என ஐந்து சீட்டுகள் பொதுவாக விரிக்கப்படுகின்றன. ஒவ்வொரு கட்டத்திலும் பந்தயம் உண்டு. கடைசியாகப் பேசுபவர் மற்றவர்கள் செய்ததைப் பார்த்துவிட்டு முடிவெடுக்கிறார். முந்நூற்றுநான்கு ஆடிப் பழகிய நம்மவர்களுக்குக் கடைசிக் கையின் அருமையை விளக்க வேண்டியதில்லை.

முதலில் பேச வேண்டியவர் வழக்கமாக இரண்டு தவறுகளில் ஒன்றைச் செய்கிறார். 'கையைக் காப்பாற்றுகிறேன்' என்று, மேசையில் 100 டொலர் இருக்கும்போது 300 டொலரை முன்னே தள்ளுவது ஒன்று. அப்போது நம்மிடம் தோற்கக்கூடியவர்களில் பெரும்பாலானோர் விலகிவிடுவர். நம்மை வெல்லக்கூடியவரே எஞ்சி நிற்பார். அச்சத்தினால் எல்லாக் கட்டங்களிலும் பணம் வைக்காமல் முறையைக் கடத்திவிடுவது மற்றொன்று. அதனால் எதிராளி தனக்கு வேண்டிய சீட்டை இலவசமாகத் தேடிக்கொள்கிறார்.

கணக்கைப் பார்ப்போம். மூன்று சீட்டுகள் விரிந்த நிலையில், எதிராளியிடம் ஒரே இனச் சீட்டுகள் நான்கு சேர்ந்துவிட்டன, ஐந்தாவதுக்குக் காத்திருக்கிறார். அவர் காணாத 47 சீட்டுகளில் 9 அவருக்கு உதவும். அடுத்த சீட்டிலேயே அது வரும் வாய்ப்பு ஏறத்தாழ 19 வீதம். எஞ்சிய இரண்டையும் பார்த்தால் 35 வீதம். மேசையில் 100 டொலர் இருக்க நாம் 50 வைத்தால், அவர் 50 கொடுத்து 150 ஐ வெல்ல முயல்கிறார். அதற்கு 25 வீத வாய்ப்பாவது வேண்டும். அடுத்த சீட்டை மட்டும் நோக்கினால் அவருக்கு இது நட்டமே. ஆனால் அச்சீட்டு வந்த பின்னர் நம்மிடமிருந்து இன்னும் எவ்வளவு கறக்கலாம் என்றும் அவர் கணக்கிடுவார். கடைசியாகப் பேசுபவருக்கு அது எளிது. ஆகவே விலை வைப்பது பாதி வேலை. ஆபத்தான சீட்டு விழுந்த பின் விலகத் தெரிவது மறுபாதி.

2003ஆம் ஆண்டு லாஸ் வேகாஸில் நடைபெற்ற உலகப் போக்கர் தொடரின் பிரதான போட்டியை எடுத்துக்கொள்வோம். 839 பேர் பங்குபற்றிய அப்போட்டியின் இறுதியில் சாம் ஃபர்ஹாவும், இணையத்தில் நூறு டொலருக்கும் குறைவான கட்டணத்தில் ஆடி நுழைவுரிமை பெற்ற கணக்காளர் கிறிஸ் மணிமேக்கரும் எஞ்சினர். மணிமேக்கரிடம் 5, 4. ஃபர்ஹாவிடம் ஜாக், 10. மேசையில் ஜாக், 5, 4 விரிந்தன. முதலில் பேச வேண்டிய மணிமேக்கரிடம் இரண்டு சோடிகள், ஆனால் மிகச் சிறியவை. அவர் பணம் வைக்காமல் காத்திருந்தார். ஃபர்ஹா பந்தயம் கட்டியதும் தொகையை உயர்த்தினார். ஃபர்ஹா இருந்ததையெல்லாம் வைத்தார், மணிமேக்கர் ஏற்றார்.

அவ்வேளையில் எஞ்சிய 45 சீட்டுகளில் ஃபர்ஹாவை உடனே முன்னுக்குக் கொண்டுவரக்கூடியவை ஐந்து மட்டுமே: இரண்டு ஜாக், மூன்று 10. அடுத்து விழுந்தது 8. யாருக்கும் உதவாத சீட்டு போலத் தோன்றியது. ஆனால் இன்னொரு 8 வந்தால் ஃபர்ஹாவுக்கு ஜாக் சோடியும் 8 சோடியும் அமைந்து மணிமேக்கரின் சோடிகளை வென்றுவிடும். அபாயச் சீட்டுகள் 44இல் எட்டாயின. 11 வீதமாக இருந்த ஆபத்து, கையில் எதுவும் மாறாமலே 18 வீதமானது. கடைசியாக விழுந்ததோ 5. மணிமேக்கர் 25 இலட்சம் டொலர் வென்றார்.

தொலைக்காட்சி மறைவுச் சீட்டுகளையும் காட்டியது. பார்த்தவர்கள் துணிவே வென்றது என்று முடிவுகட்டினர். மறு ஆண்டு 2,576 பேரும், 2006இல் 8,773 பேரும் அப்போட்டிக்கு வந்தனர். பார்வையாளருக்கு இரு கைகளும் தெரிந்தன. மேசையில் இருந்தவருக்குத் தம் கை மட்டுமே தெரியும் என்பது பலருக்கு உறைக்கவில்லை. ஃபர்ஹாவைவிட அதிக சிப்புகள் மணிமேக்கரிடம் இருந்தன, அந்தக் கை தோற்றிருந்தாலும் அவர் ஆட்டத்தில் நீடித்திருப்பார் என்பதையும் பலர் கவனிக்கவில்லை. அவரிடம் இருந்தது இரண்டு சோடிகள். நம்மில் பலர் ஒற்றைச் சோடியுடனேயே அந்தத் துணிவைக் காட்டுகிறோம்.

காத்திருந்து பதிலளிப்பதும், தொகையைச் சிறிதாக வைத்திருப்பதும் கோழைத்தனமல்ல என்பது என் கருத்து. இந்த ஆட்டத்தில் திறமைக்கு இடமுண்டு என்பதை மறுப்பதற்கில்லை. அத்திறமையின் பெரும்பகுதி, சற்று முன்வரை வென்றுகொண்டிருந்த கையை உரிய வேளையில் கீழே வைப்பதில் இருக்கிறது. அதற்கு மனம் இடங்கொடாதவர், வீட்டு வாடகைப் பணத்துடன் அந்த மேசையில் அமராதிருப்பதே நன்று.