சுருதிப்பெட்டிக்கு ஜீவன் வேணும்

லேக் மார்க்கெட்டில் வாழைப்பூ, காபிப்பொடி எல்லாம் கிடைக்குதுங்க. ஆனா பாட்டு கத்துக்கற நம்ம பிள்ளைகளுக்குத் தம்பூரான்னா செல்போன் செயலிதான். பல செயலிகளில் ஒரே மீட்டலே அச்சுப் பிசகாமல் சுத்திச் சுத்தி வருது. அரைமணியில் காது மரத்துப் போகும்.

இதே கல்கத்தாவில் இருந்த நம்ம சி.வி. ராமன் 1921-லேயே எழுதினார்: தம்பூராவின் வளைந்த குதிரையும் ஜீவா நூலும் சேர்ந்து, மீட்டும் இடத்தால் அடங்கிப் போகவேண்டிய மேல்சுரங்களையும் ஒலிக்க வைக்குது.

ஆக, பொட்டி தட்டும் நண்பர்களே, சும்மா இரைச்சலைக் கலந்தா உயிர் வராது. நாலு தந்திக்கும் தனித்தனி ஆஸிலேட்டர் வைங்க. மீட்டலுக்கு மீட்டல் சுருதி ஒரு சென்ட்டுக்குள், அதாவது அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்குக்குள், அசையட்டும். ஃபில்டரும் ஒவ்வொரு மீட்டலிலும் திறந்து மெதுவா மூடட்டும். பிள்ளைகள் காது அப்பதான் சுருதியைத் தேடிச் சேரப் பழகும். என்ன சொல்றீங்க?