எண்ணப்படாத பிள்ளைகள்



கொஞ்சம் நீளமான பதிவு. யாழ்ப்பாணத்தில் இருந்து மடத்துவெளிக்குப் பஸ்ஸில் வந்து படிப்பிக்கிற எங்களுக்கு இதை எழுத நேரம் கிடைப்பது பண்ணைப் பாலத்துக்கும் வாணர் பாலத்துக்கும் இடையில்தான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன ஆவணி விடுமுறைக்கு எங்களுக்குத் தெரிந்த குடும்பம் ஒன்று இங்கிலாந்தில் இருந்து வந்தது. கையில் ஐந்து மாதப் பெண்குழந்தை. வந்து இறங்கி தேத்தண்ணி குடித்து முடிய முதலே உம்மம்மா கேட்டா: "நாற்பதுக்கு அங்க செய்யேல்லத்தானே, ஒஸ்தா மாமியக் கூப்பிடட்டா?" வாப்பா தலையைக் குனிந்துகொண்டு போனைப் பார்த்தார். உம்மா ஒன்றும் சொல்லவில்லை. நல்லகாலம், ஒஸ்தா மாமி சுகமில்லாமல் படுத்திருந்தா. அதனால் நடக்கவில்லை. நாங்கள் தடுத்ததால் நடக்காமல் போகவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும்.

புங்குடுதீவுச் சனத்தில் பலருக்கு இது என்னவென்றே தெரியாது. ஆம்பிளைப் பிள்ளைகளுக்குச் சுன்னத் செய்வது எல்லாருக்கும் தெரியும். பெண்குழந்தைக்கும் கத்னா என்று, பெரும்பாலும் பிறந்து நாற்பது நாளுக்குள், பிளேட்டாலோ ஊசியாலோ உறுப்பில் கீறுகிற, சில வேளை தோலை வெட்டி எடுக்கிற வழக்கம் இலங்கைச் சோனகர், மலாயர், தாவூதி போராக்கள் மத்தியில் இருக்கிறது. சத்தமில்லாமல் நடக்கும். ஆம்பிளைகள் வெளித் திண்ணையில் இருப்பார்கள்.

இதைப் பற்றிக் கதைத்தால் எங்கள் ஆட்களே முதலில் கேட்கிற கேள்வி: "எத்தின பிள்ளையளுக்கு நடக்குது? கணக்கு இருக்கா?" இல்லை. கணக்கில்லாதபடியால் பிரச்சினையும் இல்லையாம். இந்த வாதத்தோடுதான் எங்களுக்குச் சண்டை.

இந்தியாவிலும் இதே கதைதான். 2017 டிசம்பரில் இந்திய மத்திய அரசு உச்ச நீதிமன்றத்தில் சொன்னது, இது நடப்பதாக உத்தியோகபூர்வமான தரவு எதுவும் இல்லை என்று. அதே வருடம்தான் சஹியோ என்ற அமைப்பு 385 போரா பெண்களிடம் கேட்ட ஆய்வை வெளியிட்டது. 80 வீதமானோர் தங்களுக்குச் செய்யப்பட்டது என்றார்கள். கேட்டவர்களுக்கு விடை கிடைத்தது. கேட்காதவர்களுக்கு எப்படிக் கிடைக்கும்?

பக்கத்து மாலைதீவைப் பாருங்கள். 2016-17 குடிசன சுகாதார ஆய்வில் இந்தக் கேள்வியைச் சேர்த்தார்கள். 15 முதல் 49 வயதுப் பெண்களில் 13 வீதம் என்று வந்தது. யுனிசெப் பட்டியலில் மாலைதீவு ஏறிவிட்டது. 2024 கணக்கின்படி அந்தப் பட்டியலில் 31 நாடுகள், 23 கோடிக்கு மேற்பட்ட பெண்கள். இலங்கையும் 2016இல் அப்படி ஓர் ஆய்வு செய்தது. ஆனால் இந்தக் கேள்வி அதில் இல்லை, ஆகவே பட்டியலில் நாங்களும் இல்லை.

இது வெறும் பட்டியல் விசயம் இல்லை. ஐரோப்பாவில் புலம்பெயர்ந்த பிள்ளைகளில் எத்தனை பேர் ஆபத்தில் என்று எப்படி மதிப்பிடுகிறார்கள்? தாய் தகப்பன் எந்த நாடு என்று பார்த்து, அந்த நாட்டு வீதத்தை எடுத்து, அங்கே போன பிறகு மனம் மாறியிருக்கக்கூடிய அளவைக் கழித்து, குறைந்தது கூடியது என்று இரண்டு எண் சொல்வார்கள். பிரான்ஸில் அப்படி 12 முதல் 21 வீதம் என்று 2018இல் ஐரோப்பியப் பாலின சமத்துவ நிறுவனம் சொன்னது. சோமாலியா, மாலி, எகிப்து எல்லாம் அந்தக் கணக்கில் வரும். இலங்கைக்கு வீதமே இல்லையே, பெருக்க என்ன இருக்கிறது? அந்த ஐந்து மாதக் குழந்தை அவர்களின் கணக்கில் பூச்சியம். இங்கிலாந்தில் 2015 ஒக்டோபரில் இருந்து, 18 வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு இது நடந்தது தெரிந்தால் ஆசிரியர் கட்டாயம் பொலிசுக்கு அறிவிக்க வேண்டும். அங்கே படிப்பிக்கிற ஆசிரியைக்கு எங்கள் பிள்ளையைப் பார்த்தால் சந்தேகம்கூட வராது.

மறுபக்கம் ஒன்றும் இருக்கிறது. 2012 குடிசன மதிப்பீட்டில் முஸ்லிம்கள் 9.7 வீதம். அதில் பாதிப் பெண்கள், எல்லாருக்கும் நடந்திருக்கு என்று பெருக்கிப் போட்டு எங்கள் சமூகத்தையே காட்டுமிராண்டி ஆக்குகிற பதிவுகளையும் கண்டோம். அதுவும் பொய்க் கணக்குத்தான். ஊருக்கு ஊர், குடும்பத்துக்குக் குடும்பம் வித்தியாசம். விட்டுவிட்ட வீடுகள் நிறைய.

"சின்னக் கீறல்தானே" என்பவர்களுக்கு: அவுஸ்திரேலிய உயர் நீதிமன்றத்தில் ஒரு போரா தாயின் வழக்கில் இதையே சொல்லித்தான் வாதாடினார்கள். 2019 ஒக்டோபரில் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. உலக சுகாதார நிறுவனமும் குத்துவது, கீறுவதை நான்காம் வகையில் சேர்த்திருக்கிறது.

மார்க்கம் என்பவர்களுக்கு: குர்ஆனில் இது இல்லை. உம்மு அதிய்யா ஹதீஸைப் பதிந்த அபூ தாவூதே அது பலவீனமானது என்றார். ஷாஃபி மத்ஹபில் கடமை என்ற கருத்து இருப்பதும், 2008இல் ஜம்இய்யத்துல் உலமா அப்படியே ஃபத்வா கொடுத்ததும் எங்களுக்குத் தெரியும். அதே ஷாஃபிகள் நிறைந்த எகிப்தில், 2007இல் ஒரு சிறுமி இறந்த பிறகு, நாட்டின் முஃப்தி இது கூடாது என்றார். எங்கள் உலமாக்கள் எந்தப் பிள்ளைக்காகக் காத்திருக்கிறார்கள்?

2018 மே மாதம் சுகாதார அமைச்சு டொக்டர்மார் இதைச் செய்யக்கூடாது என்று சுற்றுநிருபம் விட்டது. ஒஸ்தா மாமிக்குச் சுற்றுநிருபம் வருவதில்லை.

கணக்கெடுக்க வழி இல்லை என்று சொல்லாதீர்கள். பிள்ளை பிறந்தால் குடும்பநல மாது வீட்டுக்கு வருகிறா. முதல் பத்து நாளில் இரண்டு தரம், பிறகும் வருவா, நாற்பத்திரண்டாம் நாளை அண்டியும் வருவா. கத்னா நடப்பதும் அதே நாட்களில்தான்! ரோஸ் நிறக் கொப்பியில் நிறை, உயரம், தடுப்பூசி எல்லாம் எழுதுகிறா. பெயர் போடாமல் இதையும் ஒரு வரி கேட்டுக் குறிக்கலாம். தாயைப் பயப்படுத்தாமல் கேட்க அவவுக்குத்தான் தெரியும்.

1990 ஒக்டோபரில் எங்களை வெளியேற்றிய பிறகு எத்தனை பேர் போனோம் என்று அகதிமுகாம் அகதிமுகாமாக எண்ணினவர்கள் நாங்கள். எண்ணினால்தான் உலகம் நம்பும் என்று அப்போது தெரிந்திருந்தது.

அந்தக் குடும்பம் இந்த ஆவணியும் வருகினம். உம்மம்மா டிக்கெட் திகதி சொன்னா. ஒஸ்தா மாமியும் இப்போது எழும்பி நடக்கிறாவாம்.